ஆடி பதினெட்டில் பதிந்த விலை

ரித்திகா நாற்பத்து மூன்றாவது வரியிலிருந்த தொகையை அழித்துவிட்டுப் புதிய தொகையை அடித்தாள். கீழே இருந்த மொத்தம் ஒரு நொடியில் சிவப்பானது.

"பதினஞ்சு பர்சென்டா? சசிதர், நீங்க அறுபதுன்னு சொன்னீங்க!"

காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகியிருந்த போனில் பெங்களூர்க் குரல் தடுமாறியது. டேட்டாபேஸ் விற்கும் அமெரிக்கக் கம்பெனியின் பெங்களூர் அலுவலகத்தில் வேலை என்றாலும் சசிதர் பொள்ளாச்சிக்காரன். கெட்ட செய்தியைக்கூட மரியாதையாகத்தான் சொல்வான்.

"சொன்னேனுங்க மேடம். இல்லைங்கலை. ஆனா இந்த டெண்டருக்கு உங்களுக்கு முன்னாடியே இன்னொருத்தரு எங்க கம்பெனியில பதிஞ்சுபோட்டாங்க. மொதல்ல பதியறவங்களுக்குத்தான் அந்தத் தள்ளுபடி. ரெண்டாவதா வர்றவங்களுக்குப் பதினஞ்சுக்கு மேல சிஸ்டமே விடாதுங்க."

"அதைப் பதினோரு நாளாச் சொல்லாம, கடைசி நாள் காலையில பதினொண்ணரைக்குச் சொல்றீங்க."

"நேத்து ராத்திரி வரைக்கும் 'பரிசீலனையில்'னே காட்டுச்சுங்க."

"யாரு அந்த இன்னொருத்தர்?"

"அதைச் சொன்னா என்ற வேலை போயிருமுங்க."

"எந்தத் தேதி? அதையாச்சும் சொல்லுங்க."

சசிதர் குரலைத் தாழ்த்தினான். "ஆகஸ்ட் மூணு. ஞாயித்துக்கெழமை."

ரித்திகா போனை மேஜைமேல் வைத்தாள். ஆகஸ்ட் மூன்று. ஆடிப் பதினெட்டு. அன்றைக்குக் குடும்பம் முழுக்கக் கொடுமுடியில் காவிரிக்கரையில் நின்றிருந்தது. முளைப்பாரி விட்டு, கட்டுச்சோறு தின்று, தம்பி நிதீஷ் வாய் ஓயாமல் இந்த டெண்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

அதற்கு முன்பே சசிதர் இரண்டு முறை கேட்டிருந்தான், "பதிஞ்சிரட்டுங்களா மேடம்?" என்று. அம்மா வள்ளியாத்தாள்தான் தடுத்தாள். "ஆடியில புதுசா எதுலயும் கால் வைக்காதே கண்ணு. ஆவணி பொறக்கட்டும்." ரித்திகாவுக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் கோயமுத்தூரில் ஆடியில் யார்தான் புது வேலை தொடங்குகிறார்கள்? எதிராளியும் பொறுத்துத்தானே வருவான்?

ஆவணி இரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குப் பதிந்தாள். பதினைந்து நாள் தாமதம்.

"டேய் நிதீஷ்!"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி எழுந்து வந்தான். நல்லாறு சாஃப்ட்வேரின் தொழில்நுட்பம் முழுக்க அவன் தலையில். விலை, வங்கி, சம்பளம், வாடகை எல்லாம் அக்காவின் தலையில். சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடி, பதினோரு பேர். கடைசி ஒப்பந்தம் ஜூனோடு முடிந்திருந்தது. மேற்கு மாவட்டங்களின் ஆழ்குழாய்க் கிணறுகளை எல்லாம் கணினியில் பதியும் இந்த அரசு வாரிய வேலை கிடைத்தால் ஐந்து வருடம் மூச்சு விடலாம். கிடைக்காவிட்டால் அக்டோபர் சம்பளம் இல்லை, நவம்பரில் அலுவலகமே இல்லை. டெண்டர் இன்று பிற்பகல் மூன்று மணிக்கு மூடுகிறது.

நிதீஷ் திரையைப் பார்த்தான். சிவப்பாயிருந்த மொத்தத்தின்மேல் விரலை வைத்தான்.

அந்த அமெரிக்க டேட்டாபேஸுக்கு விலை, ஆள் கணக்கில் இல்லை. கணினிக்குள் இருக்கும் கோர் கணக்கில். ஒரு சர்வருக்குப் பதினாறு கோர். ஒன்று படுத்தால் இன்னொன்று எழ வேண்டும் என்று வாரியம் கேட்டிருந்ததால், சும்மா காத்துக்கொண்டு நிற்கும் இரண்டாவது சர்வருக்கும் பதினாறு. அதன்மேல் வருடா வருடம் பராமரிப்பு. அறுபது சதவீதத் தள்ளுபடியில் ஐந்து வருடத்துக்கு ஒரு கோடியே ஏழரை லட்சம் என்று போட்டிருந்தார்கள். பதினைந்தில் அதே சாமான் இரண்டு கோடியே இருபத்தெட்டு லட்சம்.

"கறக்கற எருமைக்கும் காசு, கறக்காத எருமைக்கும் காசு," என்றான் நிதீஷ் மெதுவாக. "இந்த வெலையைப் போட்டா கவரைத் தெறந்து பாத்துச் சிரிப்பாங்கக்கா."

"வேற வழி சொல்லு."

"அறுபது வாங்குன கம்பெனி நம்மளைத் தூக்கிச் சாப்புட்டுரும்."

"வேற வழி சொல்லுன்னேன்."

அவள்தான் சொன்னாள்.

"சாயிரா பானு."

நிதீஷ் கழுத்தைச் சொறிந்தான். இரண்டு மாதத்துக்கு முன் ரித்திகா அவனிடம் கெஞ்சியிருந்தாள். லைசென்ஸ் காசே இல்லாத, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய டேட்டாபேஸ் ஒன்று இருக்கிறதே, அதற்கும் ஒரு விலை போட்டு ஒப்பிட்டுப் பார் என்று. கோட்டைமேட்டில் சாயிரா பானுவின் சின்னக் கம்பெனி அதற்குப் பராமரிப்பு தருகிறது. அந்தம்மா அனுப்பிய கொட்டேஷனை நிதீஷ் திறந்துகூடப் பார்க்கவில்லை. 'ஓசியில வர்றதை நம்பி கவருமென்ட் வேலை எடுக்கறதா?' என்று அன்றைக்கு எகிறியவன் அவன்.

"டெண்டர்ல ஒத்துக்குவாங்களா?" என்றான் இப்போது.

"வாரியத்தோட கேள்வி பதில் கூட்டத்துல நாப்பத்தோராவது பதில். பராமரிப்புக் கம்பெனியோட கையெழுத்தும் சீலும் போட்ட கடிதம் இருந்தா ஒத்துக்குவாங்க. நான் படிச்சேன். நீ படிக்கலை."

"பழைய டேட்டாபேஸுக்கு எழுதுன நூத்தி நாப்பது புரொசீஜரையும் திருப்பி எழுதோணுமே."

"அது ஜெயிச்ச பொறகு அழுவற அழுகை. இப்ப வண்டியை எடு."

சாயிரா பானு போனில் ஒரே நிபந்தனைதான் போட்டாள். "டிசைனைப் பாக்காம என் சீல் எந்தத் தாள்லயும் விழாது ரித்திகா. உங்க தம்பியை லேப்டாப்போட அனுப்புங்க. இன்னைக்கு வெள்ளிக்கெழமை. ஜும்மா தொழுகைக்கு முன்னாடி வந்தா நல்லது."

மணி பதினொன்றே முக்கால்.

*

கணபதியில் ஒரு லாரி திரும்ப முடியாமல் நின்றது. காந்திபுரத்தில் பாலத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டான். நிதீஷ் கோட்டைமேட்டுக்குள் நுழையும்போது பன்னிரண்டே முக்கால். வெள்ளைத் தொப்பிகளாய்ச் சந்து நிறையப் பள்ளிவாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். வாடகைப் பாத்திரக் கடைக்கு மேலே முதல் மாடி. பிரியாணி தேக்சாக்களைத் தாண்டிப் படியேறினான்.

சாயிரா பானு கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு அவனைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"வாங்க தம்பி. எங்க கொட்டேஷன் வந்து சேந்துச்சா? ஜூன் மாசம் அனுப்புனது."

"தப்புத்தானுங்க அக்கா."

"தப்பில்லை. இலவசம்னா ஏப்பசாப்பைன்னு நெனச்சிருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான். லேப்டாப்பைத் தெறங்க."

இருபது நிமிடம் பேசாமல் படம் படமாகப் பார்த்தாள். பிறகு பேனாவால் திரையைத் தட்டினாள்.

"ரெண்டாவது சர்வர் தூங்கிட்டே இருக்குமா, கூடவே ஓடுமா?"

"தூங்குமுங்க. மொதலாவது விழுந்தா எந்திரிக்கும்."

"எத்தனை நிமிசத்துல?"

"வாரியம் பதினஞ்சு நிமிசம் கேட்டிருக்குதுங்க."

"அப்ப நடுராத்திரி ரெண்டு மணிக்கும் எங்க ஆள் ஒருத்தன் முழிச்சிருக்கோணும். வருசத்துக்கு ஒம்பது லட்சம் அப்ப சொன்னது. இதுக்குப் பதினொண்ணு."

"அக்கா..."

"கணக்குப் போடுங்க தம்பி. அஞ்சு வருசத்துக்கு அம்பத்தஞ்சு. அந்தப் பெரிய கம்பெனியோட அறுபது பர்சென்ட் தள்ளுபடி வெலையில பாதிக்குப் பக்கம். நான் கொறச்சுச் சொல்லி, அங்கே ஒரு நாள் ராத்திரி சர்வர் எந்திரிக்காமப் போனா உங்க பேரு மட்டுமா போகும்?"

நிதீஷ் அக்காவுக்குப் போன் போட்டான். மறுமுனையில் பதில் உடனே வந்தது. "பதினொண்ணே ஒத்துக்க. நியாயமான வெலைதான்."

கடிதம் அச்சானது. சாயிரா பானு கையெழுத்துப் போட்டாள். மேஜை இழுப்பறையை இழுத்தாள். அது வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள்.

"இல்யாஸ் பூட்டிட்டுப் போயிட்டான். எங்க அக்கவுன்டன்ட். சீல் உள்ளே இருக்கு. சாவி அவன் பாக்கெட்ல."

"எங்கிருக்காருங்க?"

அவள் சன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். தெருவின் கடைசியிலிருந்து ஒலிபெருக்கியில் தொழுகைக்கு முந்தைய குத்பா உரை கேட்டுக்கொண்டிருந்தது.

"போனை அணைச்சு வெச்சிருப்பான். முடியட்டும். உக்காருங்க."

மணி ஒன்று இருபது. நிதீஷ் உட்காரவில்லை.

*

சரவணம்பட்டியில் வள்ளியாத்தாள் டிபன் கேரியரோடு படியேறி வந்தபோது, ரித்திகா இருநூறு பக்கத் தொழில்நுட்ப அறிக்கையில் டேட்டாபேஸின் பெயர் வரும் இடங்களை எல்லாம் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு மூஞ்சி இப்படிக் கெடக்குது? ரெண்டு வாய் சாப்புடு. தக்காளி ரசம் சூடா இருக்குது."

"மூணு மணிக்கு மேலம்மா."

"மூணு மணிக்கு அப்படி என்ன?"

"டெண்டர்ம்மா. கடைசி நாள் இன்னைக்கு."

வள்ளியாத்தாள் கேரியரை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். "உனக்குமா இன்னைக்குக் கடைசி நாளு?"

ரித்திகா காதில் அது விழவில்லை. பக்கம் நூற்றுப் பத்தில் ஒரு பழைய பெயர் தப்பியிருந்தது.

"காலையில உங்க மாமன் போன்ல புடிச்சுக்கிட்டாரு கண்ணு. அதுதான் சோறாக்க நேரமாயிப்போச்சு. உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும். அது வந்து..."

"அம்மா, சித்தெ பொறு. தயவு செஞ்சு."

அச்சு எந்திரம் கடைசித் தாளைத் துப்பியது. இணைப்பு ஒன்பது. உறுதிமொழி. ரித்திகா அதை வரிவரியாகப் படித்தாள். 'நானோ, என் கணவரோ, பெற்றோரோ, உடன்பிறந்தவர்களோ, பிள்ளைகளோ இந்த டெண்டரில் பங்கேற்கும் வேறு எந்த நிறுவனத்திலும் பங்குதாரராகவோ இயக்குநராகவோ இல்லை என உறுதி கூறுகிறேன். பொய்யெனத் தெரிந்தால் மூன்று ஆண்டுகளுக்குக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கச் சம்மதிக்கிறேன்.' எல்லா டெண்டரிலும் வரும் தாள்தான். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

வள்ளியாத்தாள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். முழுக்க இங்கிலீஷ். "இதுல என்ன எழுதியிருக்குது கண்ணு?"

"சும்மா ஒரு கையெழுத்தும்மா. அப்புறம் சொல்றேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் வள்ளியாத்தாள் நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றத் தொடங்கினாள். அந்தப் பழக்கம் அவளுக்குப் பயம் வந்தால்தான் வரும். மகள் நிமிர்ந்து பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள்.

ஒன்று ஐம்பத்தைந்துக்குக் கோட்டைமேட்டிலிருந்து கடிதம் மின்னஞ்சலில் வந்தது. ஊதா மையில் வட்டச் சீல், சற்றே சாய்ந்து விழுந்திருந்தது. இல்யாஸ் தொழுகை முடித்துத் திரும்பி வந்ததும், நிதீஷ் அவன் பாக்கெட்டில் தானே கைவிட்டுச் சாவியை எடுத்தானாம். அந்தக் கதை பிறகு வீட்டில் பல தடவை சொல்லப்படும்.

மொத்தம் இரண்டு கோடியே ஒன்பது லட்சம். காலையில் இருந்ததைவிடக் குறைவு. அறுபது சதவீதத் தள்ளுபடி கிடைத்திருந்தால் போட்டிருக்கக்கூடிய விலையைவிடவும் குறைவு. ரித்திகா அந்தத் தொகையை இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள்.

இரண்டு இருபதுக்கு இணையதளத்துக்குள் நுழைந்தாள். கட்டைவிரல் அளவுள்ள டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகினாள்.

'டோக்கன் கண்டறியப்படவில்லை.'

உருவினாள். துடைத்தாள். செருகினாள்.

'டோக்கன் கண்டறியப்படவில்லை.'

"கண்ணு, அந்தக் கையெழுத்து டப்பாவா இது?" என்றாள் வள்ளியாத்தாள்.

ரித்திகா சட்டென்று திரும்பினாள். "உனக்கெப்படிம்மா தெரியும் இதெல்லாம்?"

"அது... உங்க மாமன்..."

கணினி டிங்கென்றது. டோக்கன் தெரிந்துவிட்டது. ரித்திகா முகத்தைத் திரைக்குத் திருப்பிக்கொண்டாள். ஒவ்வொரு கோப்பும் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. தொழில்நுட்பக் கவர் இரண்டு முப்பத்தெட்டு. கடிதம் இரண்டு நாற்பத்து மூன்று. உறுதிமொழி இரண்டு நாற்பத்தைந்து. விலைக் கவர், கடைசிச் சொட்டாக, இரண்டு ஐம்பத்தொன்று.

'தங்கள் ஒப்பந்தப் புள்ளி பெறப்பட்டது.'

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் யாரோ கை தட்டினார்கள். ரித்திகா நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடினாள். "அம்மா, அந்த ரசத்தை ஊத்து."

ரசம் ஆறிப்போயிருந்தது. வள்ளியாத்தாள் டம்ளரில் பாதி ஊற்றிவிட்டு அப்படியே நிறுத்தினாள்.

*

நான்கு மணிக்கு வாரியத்தில் முதல் கவரை, தொழில்நுட்பக் கவரைத் திறந்தார்கள். இணையத்தில் பங்கேற்ற எல்லோரும் பார்க்கலாம். நிதீஷ் வியர்வையோடு வந்து அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

மூன்று பெயர்கள். முதலாவது அவர்களுடையது. இரண்டாவது ஒரு சென்னைக் கம்பெனி. மூன்றாவது, தாமரைக்குளம் டேட்டா சிஸ்டம்ஸ், அவிநாசி.

"அவிநாசியிலயா? யாருடா இது?"

நிதீஷ் முகவரியைத் திறந்தான். மங்கலம் ரோடு. கதவு எண்ணைப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். சின்ன வயதில் முழுப் பரீட்சை லீவெல்லாம் கழித்த கட்டடம். கீழே மில் உதிரிபாகக் கடை. மேலே வீடு.

"லட்சுமணசாமி மாமா. ஆகஸ்ட் மூணுல பதிஞ்சது அவருதான்," என்றாள் ரித்திகா.

"கம்ப்யூட்டரைத் தொறக்கத் தெரியாது அந்த ஆளுக்கு! எவனோ வெளியூர்க்காரன் பின்னாடி நிக்கறான்க்கா. கொடுமுடியில கட்டுச்சோறு தின்னுக்கிட்டே எங்கிட்ட ஒண்ணொண்ணாக் கேட்டாரே, 'எத்தனை சர்வரு மாப்பிள்ளை, எந்தக் கம்பெனி சாமானு மாப்பிள்ளை'ன்னு. நான் ஒரு மடையன், பெருமையாச் சொன்னேன். ஆத்தங்கரையில நின்னுக்கிட்டே பதிஞ்சிருக்கறாரு!"

"ஆடியில நல்லது ஆகாதுன்னு நாம ஒக்காந்திருந்தோம்," என்றாள் ரித்திகா. "பதினெட்டாம் பெருக்கு மட்டும் ஆகும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குது."

திடீரென்று அவளுக்கு மதியம் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது. உறுதிமொழித் தாளை அள்ளி எடுத்தாள். "உறவுக்காரங்க டெண்டர் போட்டா..."

நிதீஷ் தாளைப் பிடுங்கி வாய்விட்டுப் படித்தான். "கணவர். பெற்றோர். உடன்பிறந்தவர்கள். பிள்ளைகள்." மறுபடி ஒருமுறை விரல் வைத்துப் படித்தான். பிறகு சிரித்தான். "மாமன் இந்த லிஸ்ட்ல இல்லைக்கா! தாய்மாமனைக் கவருமென்ட் மறந்துபோச்சு. தப்பிச்சோம். அவரோட வெலை நம்ம வெலையைவிட எச்சாத்தான் இருக்கும். மோதட்டும்."

ரித்திகாவும் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. "மாமாவுக்கு ஒரு போன் போட்டு வாழ்த்துச் சொல்லுடா."

வள்ளியாத்தாள் சிரிக்கவில்லை.

"கண்ணு. அந்தத் தாள்ல பெத்தவங்கன்னு போட்டிருக்குதா?"

"ஆமாம்மா. தாய், தகப்பன். ஏன்?"

"ரெண்டு பேருமா, இல்ல தகப்பன் மட்டுமா?"

கீழே பேக்கரியில் பன் வேகும் வாசனை மாடிவரை வந்தது.

"காலையிலருந்து இதைத்தான் சொல்லோணும்னு வந்தேன்," என்றாள் வள்ளியாத்தாள். முந்தானை அவள் விரலில் இறுகியிருந்தது. "ஆறு வருசத்துக்கு முன்னாடி அண்ணன் கம்பெனி ஒண்ணு ஆரம்பிச்சாரு. டைரக்டரா ரெண்டு பேரு வேணுமாம். அண்ணிக்கு ஆதார்ல பேரு தப்பாயிருந்துச்சு. 'சும்மா ஒரு கையெழுத்து அம்மணி, பேருக்குத்தான்'னாரு. கூடப்பொறந்தவரு கேக்கறாரு, போட்டேன். கொடுமுடியிலயும் காரு பேனட்டு மேல வெச்சு ஒரு தாள் நீட்டுனாரு. அதுலயும் போட்டேன். இன்னைக்குக் காலையில போன் பண்ணி, அவரு பேருல அந்த டப்பா வாங்க முடியலை, என்ற பேருல வாங்கிக்கறேன்னாரு. வீடியோவுல மூஞ்சியக் காட்டச் சொன்னாங்க. பேரு சொல்லச் சொன்னாங்க. போன்ல நம்பரு வந்துச்சு, படிச்சுச் சொன்னேன். கவருமென்ட் டெண்டரு, இன்னைக்குக் கடைசி நாளுன்னாரு. இங்கே வந்தா நீயும் அதையே சொல்றே..."

ரித்திகாவின் கண் உறுதிமொழித் தாளில் கறுப்புப் பட்டியல் வரிக்குப் போனது. மூன்று மணிக்கு மேல் எதையும் திரும்பப் பெற முடியாது என்பது மட்டும் அவள் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

நிதீஷ் திரையைக் கீழே தள்ளினான். தாமரைக்குளம் டேட்டா சிஸ்டம்ஸின் கவருக்குக் கடைசியில், சின்ன எழுத்தில், ஒரே ஒரு வரி இருந்தது.

கையொப்பமிட்ட இயக்குநர்: வள்ளியாத்தாள் காளிச்சாமி.